எதிர்க்கடைச் சாட்சி

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நாணுவும் வெங்கிட்டுவும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாத நாள் ஒன்று உண்டென்றால் அது ஹர்த்தால் நாளாக இருக்கும். இருவருக்கும் பழம்பொருள் கடை. எதிரெதிர் வாசல். நடுவே ஒரு ஆட்டோ நுழைந்தால் நடக்கிறவர்கள் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். அந்த அகலத்தில் வசவுகள் சிரமமில்லாமல் போய் வந்தன.

அது அவர்களுடைய தொழில்முறை. வெளியூர்க்காரர் ஒருவர் வெங்கிட்டுவின் கடையில் ஒரு தேக்குப் பெட்டியைத் தடவிப் பார்ப்பார். பிடிக்கும், நம்பிக்கை வராது. சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படி இறங்குவார். இறங்கினால் எதிரே நாணுவின் கடை.

"அந்தப் பட்டர் கடையிலேருந்தா வர்றீங்க? பெருங்கள்ளன் ஆச்சே! போன மாசம் செஞ்ச நாற்காலியைப் போர்ச்சுகீசுக்காரன் உட்கார்ந்த நாற்காலின்னு விக்கற ஆளு."

வந்தவர் முகம் வெளிறும். அப்போது நாணு ஒரு பெருமூச்சு விடுவார். தொண்டையில் மீன்முள் சிக்கினவர் மாதிரி, வேண்டா வெறுப்பாக மீதியைச் சொல்வார்.

"ஆனா, அந்தப் பெட்டி அசல்தான். என் கைக்கு வராம அவன் கைக்குப் போச்சேன்னு எனக்கு இப்பவும் வயிறு எரியுது."

அவ்வளவுதான். வந்தவர் திரும்பி ஓடிப் பெட்டியை வாங்கிவிடுவார். கடைக்காரன் தன் சரக்கைத் தானே புகழ்ந்தால் அது இரைச்சல். அவனைக் கண்டால் ஆகாதவன் புகழ்ந்தால் அது சாட்சி. நாணுவின் சரக்குக்கு வெங்கிட்டு இதே கைங்கரியத்தைச் செய்வார். கடை சாத்தியபின் பின்புறச் சந்தில், சுக்கு கோடவுனின் சுவரோரம் நின்று, இரண்டு எதிரிகளும் ஒரே பொட்டலத்துப் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியைப் பிய்த்துத் தின்று சாயா குடிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மையும் இருந்தது. 'ஆனா' என்ற சொல் அசல் சரக்குக்கு மட்டும். போலிச் சரக்குக்குத் திட்டோடு நிறுத்திக்கொள்வார்கள், வாங்குகிறவன் தலையெழுத்து. இருபத்தைந்து வருஷத்தில் இருவரும் ஒருமுறைகூட அந்தச் சொல்லைப் பொய்க்குச் செலவழித்ததில்லை. பகை பொய், சாட்சி மெய். உலகத்தில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது என்று வெங்கிட்டு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவர் முழுப் பெயர் வெங்கிடாசலம். பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து தலைமுறைகளாக மிளகுத் தரகு பார்த்த தமிழ்ப் பிராமணக் குடும்பம்; மலையாளிகள் வாயில் 'பட்டர்'. இவர் மட்டும் நாக்கை நம்பிப் பழம்பொருளுக்கு வந்தார். கடை இருந்த வீடு சிப்போரா மாமி என்ற யூதக் கிழவியுடையது. கீழே கடை, மேலே மாமி. அவர் கடைசிக் காலத்தில் இஸ்ரேலுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். கடை தொடர்ந்தது.

*

ஜனவரியில் ஒரு நாள் நாசரேத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். இஸ்ரேலில் இருக்கும் நாசரேத் அல்ல. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத். தலைமை, பாஸ்டர் பாண்டித்துரை. கழுத்தில் மைக்கும் இடுப்பில் ஒலிபெருக்கியும் மாட்டியிருந்தார். யூத ஜெபாலயம் பார்க்க வந்தவர்கள் வெயிலுக்கு வெங்கிட்டுவின் கடைக்குள் ஒதுங்கினார்கள்.

உத்தரத்தில் தொங்கிய பித்தளை விளக்கை பாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். வெங்கிட்டு உடனே தன் பாட்டை ஆரம்பித்தார்.

"சிப்போரா மாமியாத்து விளக்கு ஓய். வெள்ளிக்கிழமை சூரியன் சாயறதுக்கு முன்னாடி இதை ஏத்துவா. ஏத்தினா முடிஞ்சது. அப்புறம் அந்தாத்துல காசு பேச்சு இல்லே, கடை பேச்சு இல்லே, சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் முளைக்கறவரைக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஒரு தடவை நான் தெரியாம வாடகையைக் கொண்டுபோய் நீட்டிட்டேன். மூஞ்சில அடிச்சாப்ல கதவைச் சாத்தினா."

கூட்டம் 'ஓ' என்றது. எல்லாக் கூட்டமும் இந்த இடத்தில் 'ஓ' என்றுதான் சொல்லும்.

"சிப்போராள்! மோசே வீட்டம்மா பேரு!" என்று பாஸ்டர் மைக்கில் மகிழ்ந்தார். "அண்ணாச்சி, நீங்க யூதங்க கூடயே பழகுனவுக. ஒண்ணு காட்டுதேன் பாருங்க."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டை வந்தது. இயேசு காலத்துக்கு அடுத்த தலைமுறையில் பிறந்த ஒரு யூதச் சரித்திரக்காரரைப் பற்றியது. ஆசாரியர் குடும்பத்தில் பிறந்து, ரோமாபுரியை எதிர்த்துச் சண்டை போட்டு, தோற்றுச் சரணடைந்து, பிறகு ரோமாபுரியிலேயே இருந்துகொண்டு தன் இனத்தின் சரித்திரத்தை எழுதியவர். அதில் இயேசுவைப் பற்றியும் ஒரு பத்தி. அதன் சாரத்தை அட்டையில் தமிழில் அச்சடித்திருந்தார்கள். அவர் ஞானி, அற்புதங்கள் செய்தார், பிலாத்து அவரைச் சிலுவையில் அறைந்தான், அவரைப் பின்பற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவற்றுக்கு நடுநடுவே வேறு சங்கதிகளும் இருந்தன. அவரை மனுஷன் என்று சொல்வதே தகுமா, அவரே மேசியா, தீர்க்கதரிசிகள் சொன்னபடி மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார்.

"நம்ம ஆளு எழுதல கேட்டியளா! யூதன் எழுதியிருக்கான்! எதிராளியே சாட்சி சொல்லுதான்!" என்றார் பாஸ்டர். கூட்டம் அல்லேலூயா சொன்னது.

வெங்கிட்டு அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியின் மூட்டைப் பார்ப்பதுபோல் அருகில் வைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலு சாமான் விற்றிருக்கும். ஆனால் சரக்கைப் பற்றி ஒருவர் தப்பாகப் பேசும்போது சும்மா இருக்க அவரால் முடிந்ததில்லை.

"இது ரெண்டு கை வேலை ஓய்."

"என்னது?"

"உடம்பு பழைய தேக்கு. பித்தளைப் பூண் புதுசு. ஞானி, சிலுவை, பிலாத்து, இதெல்லாம் ஒரு கை. மேசியா இவரேன்னு அடிச்சுச் சொல்ற கை வேற. இவர் சாகறவரை யூதராத்தானே இருந்தார்? மேசியா வந்துட்டார்னு நெஜமா நம்பினவர் மறுநாளே உங்க பக்கம் வந்து முழுகியிருக்க மாட்டாரோ?"

கூட்டத்தில் ஒரு அம்மாள், "இவுக இந்துக்காரவுக. இவுகளுக்கு என்னத்தத் தெரியும்?" என்று சேலைத் தலைப்பை உதறினார். பாஸ்டர் எல்லாரையும் ஜெபாலயம் மூடிவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஒலிபெருக்கியை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"வேதாகமக் கல்லூரியில சொல்லித் தந்தாவ. அவரு புஸ்தகத்த நம்ம சாமியாருங்கதான் நூத்துக்கணக்கான வருசமாப் படி எடுத்துக் காப்பாத்தி வச்சிருக்காவ. அதுல எவனோ ஒருத்தன் ஓரத்துல எழுதுனானோ, உள்ளயே சேத்தானோ. மொத்தமும் பொய்னு சிலபேரு சொல்லுதாவ. அடியில ஒரு மெய்யான பத்தி இருந்துது, மேலதான் பூசிட்டாங்கன்னு நெறையபேரு சொல்லுதாவ." குரலைத் தாழ்த்தினார். "அவரு இன்னொரு எடத்துலயும் எழுதியிருக்காரு. யாக்கோபுன்னு ஒருத்தரப் பிரதான ஆசாரியன் கல்லெறிஞ்சு கொல்லவச்சான்னு ஒரு சேதி. எந்த யாக்கோபு? கிறிஸ்துன்னு சொல்லப்படுத இயேசுவோட தம்பி. அம்புட்டுதான். போற போக்குல."

வெங்கிட்டு மேசையில் ஓங்கித் தட்டினார். "அசல் சரக்கு! இதுதான் ஓய் அசல்! சொல்லப்படறவராம்! நான் சொல்லலே, எவனோ சொல்றான்ங்கற மாதிரி! அவர் அங்கே இயேசுவை விக்க வரலே. வேற ஏதோ கொலைக் கேஸை எழுதிண்டிருக்கார், வழியில வாயிலேருந்து விழறது. அடையாளம் சொல்லணுமேன்னு சொல்றார். இப்படி விழற வார்த்தைக்கு எந்த விலையும் தகும். இதைன்னா அட்டையில போடணும்!"

"இத வச்சு எவன் அண்ணாச்சி அல்லேலூயா சொல்லுவான்?"

 வியாபாரியாக அந்த நியாயம் வெங்கிட்டுவுக்குப் புரிந்தது.

"அந்தச் சாமியாரு கெட்டவரு இல்ல பாத்துக்கிடுங்க" என்றார் பாஸ்டர். "ராவும் பகலும் குனிஞ்சு எழுதியிருப்பாரு. நம்ம ஆண்டவரப் பத்தி வருதே, இம்புட்டு வறட்சியா இருக்கேன்னு மனசு தாங்கியிருக்காது. ஒரு நல்ல வார்த்தை சேத்துட்டாரு."

"கெட்டவன் செஞ்சா கண்டுபிடிக்க நாளாகும். பக்தன் செஞ்சா உடனே பல்லைக் காட்டிடும். அவனுக்கு நிறுத்தத் தெரியாது. யூதன் வாயில தன் ஜபத்தைப் போட்டான் பாருங்கோ, அங்கேயே மாட்டிண்டான். அதனால என்ன ஆச்சு? அந்தாள் நெஜமாவே சொன்ன நாலு வார்த்தையையும் இப்போ சொரண்டிச் சொரண்டிப் பார்க்க வேண்டியிருக்கு. எதிர்க்கடைச் சாட்சியைக் கெடுத்துட்டானே, பாவி!"

பாஸ்டர் சிரித்தார். விளக்கைத் திரும்பவும் அண்ணாந்து பார்த்தார். சபைக்கு வாங்கலாம், கமிட்டியில் கேட்டுவிட்டு ஈஸ்டர் முடிந்து வருகிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

பிப்ரவரியில் இடி விழுந்தது. சிப்போரா மாமியின் சகோதரன் மகன் எலியாஸ் இஸ்ரேலில் இருந்தான். பத்து வயசில் இதே தெருவில் பம்பரம் விட்டவன். வீடு இப்போது அவன் பெயரில். இடப்பள்ளியில் இரண்டு ஹோட்டல் வைத்திருக்கும் ரமேஷ்பாபு என்பவருக்கு அதை விற்கப்போகிறான். ரமேஷ்பாபுவுக்குக் கீழ்க்கடையும் வேண்டும்; அங்கேதான் வரவேற்பு மேசை வரவேண்டுமாம்.

வெங்கிட்டு எலியாஸுக்குப் போன் செய்தார். கடையைக் காலிசெய்யச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது என்று மாமி வாக்கு கொடுத்ததைச் சொன்னார். எலியாஸ் மரியாதையாகத்தான் பேசினான்.

"அத்தை வாக்கு கொடுத்திருந்தா ஞான் மீற மாட்டேன் வெங்கிட்டுச் சேட்டா. கீழ்க்கடையை விட்டுட்டு மேலே மட்டும் வித்துக்கறேன். பக்ஷே, யார் கேட்டா? நீங்க சொன்னா அது நீங்க சொல்றது."

"நாணு கேட்டான். எதிரே நின்னான்."

மறுமுனையில் எலியாஸ் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "எதிர்க்கடை நாணுவா? உங்களுக்கு ஜென்மப் பகையாச்சே? அந்த ஆள் உங்களுக்காகப் பேசினா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டா."

இரண்டு தரப்பும் எர்ணாகுளத்தில் மத்தியஸ்தம் செய்யும் ஓய்வுபெற்ற ஜட்ஜ் பாக்கியலக்ஷ்மி முன்னால் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. எலியாஸ் கம்ப்யூட்டர் திரையில் வருவான்.

வெங்கிட்டுவுக்கு அறுபத்திரண்டு வயசு. இந்தக் கடையை விட்டால் வேறு தெருவில் பலகை மாட்டிப் பிழைக்க முடியாது. பழம்பொருளுக்குப் பாதி விலை அந்தத் தெருவுக்குத்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் பயப்படவில்லை. மாமி வாக்கு கொடுத்தது உண்மை. நாணு கேட்டதும் உண்மை. இப்படியொரு சாட்சி எவனுக்குக் கிடைக்கும்?

நடந்தது இதுதான். ஒரு புதன்கிழமைக் காலை. மழை. மாமி ஊரைவிட்டுப் போகிற நாள். டாக்சி தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. மாமி படியில் நின்று, எதிரே குடையோடு நின்ற நாணுவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எடா நாணு, கேட்டுக்கோ. இந்தப் பட்டர் கள்ளன். வாயைத் திறந்தா பொய். ஆனா, என் கூரை ஒழுகினப்ப கேட்காமலே ஏறி ஓடு மாத்தினவன் இவன்தான். இவனா போறேன்னு சொல்றவரை இந்தக் கடையிலேருந்து இவனை யாரும் எழுப்பக் கூடாது." சொல்லிவிட்டு, ஹாரன் அடித்த டிரைவரையும் ஒரு வசவு வைது, போய் ஏறிக்கொண்டார்.

*

"இதை அப்படியே சொன்னா போதும்லோ சாமி" என்றார் நாணு. சந்தில் நின்றிருந்தார்கள். பழம்பொரியின் எண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது.

"எப்படியே?"

"அவர் சொன்ன மாதிரியே. கள்ளன்தான், ஆனா எழுப்பக் கூடாது."

வெங்கிட்டுவின் முகம் சுருங்கியது. முந்தின ராத்திரி அவர் மனைவி அம்மிணியும் இதையேதான் கேட்டிருந்தாள்: ஏன்னா, ஜட்ஜி முன்னாடி போய்க் கள்ளன்னா சொல்லப்போறார் அந்த மனுஷர்? ஒரு நல்ல நாள், நல்ல நேரத்துல சொன்னாப்ல சொல்லப்படாதோ?

"கள்ளன்னு சொல்ல வேண்டாம்டா."

"எந்தினு? அதிலல்லே விஷயம்? நம்ம கச்சவடமே அதுலதானே ஓடுது?"

"வியாபாரம் வேற. இது ஜட்ஜி. வெளிநாட்டுல ஒருத்தன் பார்த்துண்டிருக்கான். உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே. இருபத்தஞ்சு வருஷமா தினம் தெருவுல கள்ளன், கள்ளன், கள்ளன். ஒருதரம், ஒரே ஒருதரம், நாலு பெரிய மனுஷா முன்னாடி என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை விழப்படாதா?"

நாணு அவரைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அந்த வசவு எங்கேயோ போய் இறங்கிக்கொண்டிருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. அதனால்தானோ என்னவோ இளகிவிட்டார்.

"சரி. என்ன சொல்லணும்?"

"மாமிக்கு நான் பிள்ளை மாதிரின்னு சொல்லு. என் மகனே, இந்தக் கடை உனக்குத்தான்னு சாவியைக் கையில கொடுத்தாள்னு சொல்லு."

"சாவி அவர் ஹேண்ட்பேக்ல போச்சுதல்லோ."

"சொல்லேண்டா. மழை, டாக்சி, ஹாரன் எல்லாம் வேண்டாம். வாக்கு கொடுக்கற நேரமா அது? வெள்ளிக்கிழமை. சாயங்காலம். விளக்கேத்தின நேரம். மாமி விளக்கு முன்னாடி நின்னு, அந்தத் தீபம் சாட்சியா வாக்கு கொடுத்தா. கேட்கறவாளுக்கு மயிர்க்கூச்செறியும்."

வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். அவர் வீட்டில் லக்ஷ்மி உள்ளே வருகிற நேரம். நல்ல சொல் எல்லாம் பலிக்கிற நேரம். அதைச் சொல்லும்போது அவருக்கே மெய் சிலிர்த்தது. அதே விளக்கைக் காட்டி வேன் வேனாக வந்தவர்களிடம் வேறொரு கதையை வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவர் அவர். நாக்கில் இருந்த கதை. ஒரு நாளும் அவருக்குள் இறங்கியதில்லை.

*

பாக்கியலக்ஷ்மியின் அறை குளிராக இருந்தது. சுவரில் பெரிய திரை. அதில் எலியாஸ், வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக. ரமேஷ்பாபு ஓரத்தில் மொபைலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் இவரும் எப்படி?" என்று கேட்டார் பாக்கியலக்ஷ்மி.

"கண்டா ஆகாது மேடம்" என்றார் நாணு. உண்மையிலேயே நன்றாகச் சொன்னார். எலியாஸ் திரையில் சிரித்தான். "சரியா. சின்ன வயசிலே இவங்க சண்டையைக் கேட்டுத்தான் ஞாங்கள் எழுந்திரிப்போம்."

"அந்த அம்மா என்ன சொன்னார்கள்?"

நாணு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வெங்கிட்டு கைகளைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்பில் உட்கார்ந்தவர்போல் தலையை லேசாகக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை மேடம். சாயங்காலம். அந்த அம்மா விளக்கு ஏத்திட்டு வந்தாங்க. முகத்துல ஒரு தேஜஸ். இவரைக் கூப்பிட்டு, என் மகனே, நீ ஒரு சாதாரண மனுஷன் இல்லேன்னு சொன்னாங்க. சாவியை எடுத்துக் கையில வச்சு, இந்தத் தீபம் சாட்சி, சூரிய சந்திரன் உள்ளவரைக்கும் இந்தக் கடை உனக்கும் உன் வம்சத்துக்கும்னு..."

சூரிய சந்திரன் நாணுவின் சொந்தச் சேர்க்கை. இளகின மனசு ஆரம்பித்துவிட்டால் அதற்கும் நிறுத்தத் தெரியவில்லை.

வெங்கிட்டு தலை நிமிர்ந்து திரையைப் பார்த்தார். எலியாஸின் சிரிப்பு போயிருந்தது.

"நாணுச் சேட்டா, வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தினதுக்கு அப்புறமா?"

"ஆமா. அப்புறம்தான்."

"அப்புறம் சாவியைக் கொடுத்து, கடையைப் பத்திப் பேசினாங்க."

"ஆமா..."

அந்த நொடியில் வெங்கிட்டுவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முகத்தில் அடித்தாற்போல் சாத்திய கதவு தெரிந்தது. வாடகையை நீட்டியபடி வெளியே நின்ற தன் கை தெரிந்தது.  

"மேடம்," என்றான் எலியாஸ் மெதுவாக, "எங்க அத்தை வீடு தீப்பிடிச்சாலும் அந்த நேரத்துல கொடுக்கல் வாங்கல் பேச மாட்டாங்க. இது எங்க அத்தை இல்லை. இது யாரோ ஒரு பட்டர் வீட்டு அம்மா."

ரமேஷ்பாபு மொபைலைக் கீழே வைத்தார்.

நாணு எழுந்துவிட்டார். "மேடம், பொறுங்க. அது இவர் சொல்லச் சொன்னது. நெஜமா நடந்ததைச் சொல்றேன். புதன்கிழமை. மழை. அந்த அம்மா சொன்னது இதான்: இந்தப் பட்டர் கள்ளன், வாயைத் திறந்தா பொய், ஆனா என் கூரைக்கு ஓடு மாத்தினவன், இவனா போறவரை எழுப்பக் கூடாது."

திரையில் எலியாஸ் ஒரு கணம் கண்ணை மூடினான். "அது அத்தை குரல் மாதிரித்தான் இருக்கு."

"பின்னே என்ன!" என்றார் வெங்கிட்டு. குரல் கீச்சென்று வந்தது.

"இப்போ எப்படி நம்பறது சேட்டா? இதையும் நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களோ என்னவோ. எது அத்தை சொன்னது, எது நீங்க ஒட்டினதுன்னு உட்கார்ந்து சொரண்டிப் பார்க்க எனக்கு யாரிருக்கா? அத்தையும் இல்லை."

பாக்கியலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் இருவரும் எதிரிகள் என்றுதானே இவர் சாட்சியை ஏற்கலாம் என்றிருந்தோம்? சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிற அளவுக்கு எதிரி!" என்றார். அதில் கோபம்கூட இல்லை. அலுப்புத்தான்.

கடையை ஜூன் மாதத்துக்குள் காலி செய்துகொடுப்பது என்று எழுதினார்கள். வெங்கிட்டு கையெழுத்துப் போட்டார்.

படகில் திரும்பி வரும்போது இருவரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வைப்பின் தீவுப் பக்கத்திலிருந்து மீன் நாற்றம் காற்றில் வந்தது.

"நாணு," என்றார் வெங்கிட்டு.

"பேசாதே."

"நான் என்ன வேணும்னா..."

"என் வாக்குக்கு அந்தத் தெருவுல ஒரு விலை இருந்தது. நான் கள்ளன்னு சொன்னா கள்ளன். அசல்னு சொன்னா அசல். இப்ப ஒரு ஜட்ஜம்மா என்னைப் பொய்சாட்சின்னு பார்த்தாங்க. அந்த ரமேஷ்பாபு நாளைக்கே இதைத் தெரு முழுக்கப் பாடுவான். எதுக்கு? உன்னை ஒருத்தி மகனேன்னு கூப்பிடணும். உள்ளதைச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பே. கள்ளன்னு ஒரு வார்த்தை உனக்குத் தாங்கலே."

படகு கரையில் இடித்தது. நாணு முதலில் இறங்கினார். அன்றைக்குச் சந்துப் பக்கம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

*

ஈஸ்டர் முடிந்து பாஸ்டர் பாண்டித்துரை சொன்னபடியே வந்தார். மைக் இல்லை. கூடவே கமிட்டிப் பொருளாளர் என்று ஒரு பருத்த மனிதர், எதையும் இரண்டு விரலால் மட்டும் தொடுகிறவர். கடையில் பாதிச் சரக்கு சாக்கில் கட்டியிருந்தது. விளக்கு மட்டும் உத்தரத்தில் இருந்தது.

"அசல்தானா?" என்றார் பொருளாளர்.

"கடையிலேயே இது ஒண்ணுதான் தலையிலேருந்து கால்வரைக்கும் அசல்" என்றார் வெங்கிட்டு. சொல்லும்போதே அது இரைச்சலாக அவர் காதில் விழுந்தது.

பொருளாளர் உதட்டைப் பிதுக்கினார். "எதுக்கும் எதிர்க்கடையில ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்." படி இறங்கிப் போனார்.

பாஸ்டர் புன்னகைத்தார். "கேக்கட்டும் அண்ணாச்சி. எதிர்க்கடைச் சாட்சிதான் சாட்சின்னு நீங்கதானே சொன்னிய? அன்னைக்கு நீங்க சொன்னதுக்கப்புறம் அட்டையிலகூட அந்த யாக்கோபு வரியைச் சேத்துட்டேன். ஓரமா, சின்ன எழுத்துல."

 வெங்கிட்டுவின் காது தெருவைத் தாண்டிப் போயிருந்தது.

"அந்தப் பட்டர் கடையிலேருந்தா வர்றீங்க?" நாணுவின் குரல். தெருவே கேட்கிற குரல். பழக்கமான குரல்தான். "கள்ளன். வாயைத் திறந்தா பொய். செத்துப்போன கிழவி வாயிலகூடப் பொய்யைப் போடுவான்."

பொருளாளர் ஏதோ கேட்டார். விளக்கு என்ற சொல் மட்டும் இங்கே வந்தது.

நாணு நிமிர்ந்து, தெருவைத் தாண்டி, அந்த விளக்கைப் பார்த்தார். மாமி அதை ஏற்றி அவரும் பார்த்திருக்கிறார், எத்தனையோ வெள்ளிக்கிழமை. பெருமூச்சு விட்டார்.

வெங்கிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெருமூச்சு வந்துவிட்டது. அடுத்த வார்த்தை 'ஆனா' என்று அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாகத் தெரியும்.

நாணு துணியை எடுத்துத் தன் அலமாரியைத் துடைக்கத் தொடங்கினார். பொருளாளர் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு பாஸ்டரைப் பார்த்து, வாங்க போகலாம் என்று கையைக் காட்டினார்.